அரசு உதவித்தொகை: வாங்கத் தகுதி உண்டா? திருப்பித் தரத் துணிவு உண்டா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குக் கசக்கும். எனக்கே கசந்த விஷயம்தான். அதனால் ஊரார் கதையை விட்டுவிட்டு என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னுடைய பெரியம்மா ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருக்கு அரசின் விதவை உதவித்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அவர் மவுத்தான பிறகும் மூன்று மாதம் அந்தப் பணம் வந்தது. வங்கி அட்டை எங்கள் வீட்டில் இருந்தது. வீட்டில் ஒருவர் போய் எடுத்தார். கபன், கப்ர் செலவுக்குப் பட்ட கடனுக்குக் கொடுத்தாயிற்று. அது எனக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. ‘அவருடைய பணம்தானே’ என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஜும்ஆவில் அமானிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூவாயிரம் ரூபாய் கண் முன்னே வந்து நின்றது! அவர் உயிரோடு இருந்தவரைக்கும்தான் அது அவர் பணம். அதன் பிறகு அது யாருடையது? பட்டியலில் பெயர் ஏறாதா என்று தாலுகா அலுவலக வாசலில் மனுவோடு காத்துக் கிடக்கிற இன்னொரு விதவையுடையது!

மறுவாரம் இறப்புச் சான்றிதழையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போனேன். எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திருப்பிக் கொடுக்கவா வந்தீங்க?” என்றார். எந்தக் கணக்கில் கட்டுவது என்று தெரிய இரண்டு நடை ஆயிற்று. கடைசியில் சலான் போட்டு, வங்கியில் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ரசீது இன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று இரவு வந்த தூக்கம் அதற்கு முந்தைய பல இரவுகளில் வரவில்லை.

சகோதரர்களே! மூவாயிரத்துக்கு இத்தனை பேச்சா என்று கேட்காதீர்கள். இது தொகையைப் பற்றிய பேச்சு அல்ல. நமக்கு உரியதல்லாத அரசுப் பணம் கைக்கு வந்தால் என்ன செய்வது? செய்யாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? நாம் தவறே செய்யாமல் நம்மீது பழி வந்தால் எப்படி எதிர்கொள்வது? இந்த மூன்றையும்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

‘எல்லாரும்தானே வாங்குகிறார்கள்?’

ஒவ்வொரு ஊரிலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. அங்கே ஒரு தம்பி. “பாய், ஆதார் கார்டையும் பேங்க் புக்கையும் கொடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்பான். எந்தத் திட்டம், யாருக்கான திட்டம் என்று நாமும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. இரண்டாயிரம் வந்தால் ஐநூறு அவனுக்கு. ‘எல்லாரும்தானே வாங்குகிறார்கள்?’ என்பது நம் வாதம்.

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகைத் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 வீதம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வருமான வரி கட்டுபவருக்கு இல்லை. பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு இல்லை. மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில் செய்பவர்களுக்கும் இல்லை.

2020-இல் கொரோனா ஊரடங்குக் காலம். அதிகாரிகள் பயன்படுத்த வேண்டிய கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போயிற்று. தரகர்களும் கம்ப்யூட்டர் சென்டர்காரர்களும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களை எல்லாம் விவசாயிகளாகப் பதிவு செய்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று 13 மாவட்டங்களில் நடந்தது. 5 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்கள், ஏறக்குறைய 110 கோடி ரூபாய் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் வேளாண்மைத் துறைச் செயலாளரே அறிவித்தார். ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் வேலையை இழந்தார்கள். 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்து கைது செய்தது. பணம் பெற்றவர்களின் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

இதில் பல பேர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் அல்லர். ‘கொரோனா நிவாரணம்’ என்று தரகன் சொன்னதை நம்பி ஆதாரைக் கொடுத்த கூலித் தொழிலாளிகள். தரகன் தன் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நோட்டீஸ் வந்தது யார் பெயருக்கு? கணக்கு யார் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்கு! இளைஞர்களே, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கமிஷனில் கூட்டாளி உண்டு. நோட்டீசில் கூட்டாளி இல்லை.

நம் பிள்ளைகளின் பெயரால் நடந்த திருட்டு

இன்னொன்றைச் சொல்கிறேன். இது நம் நெஞ்சில் தைக்க வேண்டியது.

சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை. பல கமிஷன்கள் அறிக்கை கொடுத்து, பல தலைவர்கள் குரல் கொடுத்துப் பெற்ற உரிமை அது. சிறுபான்மையினர் நல அமைச்சகம் சந்தேகத்துக்குரிய 1,572 கல்வி நிறுவனங்களை ஆய்வு செய்தது. அவற்றில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரிய வந்தது. 2017-18 முதல் 2021-22 வரை அரசுக்கு 144 கோடியே 83 லட்சம் ரூபாய் இழப்பு என்று கணக்கிட்டார்கள். 2023 ஆகஸ்டில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது.

சிந்தித்துப் பாருங்கள்! யாருடைய பணம் இது? கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் படிப்பை விட்ட நம் பையனுடைய பணம். தையல் மிஷின் மிதித்து மகளைப் படிக்க வைக்கிற நம் சகோதரியின் பணம். இல்லாத பள்ளி, இல்லாத விடுதி, இல்லாத மாணவன் பெயரைச் சொல்லி அதைத் தின்றிருக்கிறார்கள். இன்று உரிமை கேட்டு நாம் ஒரு மனு கொடுத்தால், ‘முதலில் உங்கள் கணக்கைக் காட்டுங்கள்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பையும் ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் செய்த மோசடிக்கு சமுதாயமே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது!

வணிகப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. கடையில் தினம் எவ்வளவு வியாபாரம் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லாவுக்கும் தெரியும். ஆனால் பையனின் உதவித்தொகைக்காக எடுத்த வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 72 ஆயிரம்! அந்த உதவித்தொகைக்குப் பத்தாம் வகுப்பு வரை ஒரு லட்சம், அதற்கு மேல் படிப்பவர்களுக்கு இரண்டு லட்சம் என்று குடும்ப வருமான வரம்பு வைக்கப்பட்டிருந்தது. பொய்த் தகவல் கொடுத்துப் பெற்றால் உதவித்தொகை ரத்து, கொடுத்த பணம் வசூல் என்பதும் அதே விதிகளில்தான் இருந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோதும், குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சொந்தக் கார் இருக்கக் கூடாது, ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்றுமுதல் காட்டி ஜி.எஸ்.டி. கட்டுபவராக இருக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. அந்தப் படிவத்தின் கீழே போட்ட கையெழுத்து வெறும் மைக்கோடு அல்ல. ‘இதெல்லாம் உண்மை’ என்ற வாக்குமூலம் அது!

சட்டம் என்ன சொல்கிறது?

வக்கீல்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் அடிப்படையை மட்டும் சொல்கிறேன். இதில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பணத்தைத் திரும்பப் பெறுவது. மற்றொன்று குற்ற வழக்கு. இரண்டும் தனித்தனி. ஒன்று முடிந்தால் மற்றொன்று தானாக முடிந்துவிடாது.

முதலில் பணம். தகுதியில்லாமல் பெற்றது தெரிய வந்தால் உதவி நிறுத்தப்படும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வரும். அந்தத் திட்டத்தின் விதியில் இடமிருந்தால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல சொத்தை ஜப்தி செய்தும் வசூலிக்கலாம்.

அடுத்தது குற்ற வழக்கு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 420 என்று சொன்னோமே, அந்த மோசடிக் குற்றம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் இருக்கிறது. ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் ஏழாண்டு வரை சிறை, அபராதம். அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்குப் பழைய சட்டமே பொருந்தும். போலிச் சான்றிதழ் தயாரித்தால் அது தனிக் குற்றம். அது போலி என்று தெரிந்தே நீட்டினால் அதுவும் குற்றம். சான்றிதழுக்காகக் கையூட்டு கொடுத்தால்? 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் ஏழாண்டு வரை சிறை செல்ல நேரும். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், ஏழு நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

“ஹஜ்ரத், பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் வழக்கு போய்விடும்தானே?” என்று ஒரு தம்பி கேட்டார். தானாகப் போகாது தம்பி! திருடிய பொருளைத் திருப்பி வைத்தாலும் திருட்டு நடந்தது நடந்ததுதான். ஆனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தானாக முன்வந்து கட்டியவனையும், போலீஸ் வந்து கதவைத் தட்டிய பிறகு கட்டியவனையும் எந்த நீதிபதியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. விவசாயிகள் திட்டத்தில் பணத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு அரசின் இணையதளத்திலேயே வழி வைத்தார்கள். தவறை உணர்ந்தவன் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலம் கடந்தால் தப்பிவிடலாமா? 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்திய உணவுக் கழகத்துக்கும் ஜகதீஷ் பலராம் பஹிரா என்பவருக்கும் இடையிலான வழக்கு. பொய்யான சாதிச் சான்றின் அடிப்படையில் வேலையும் படிப்பும் பெற்றவர்களைப் பற்றியது. பல ஆண்டு வேலை பார்த்துவிட்டார் என்பதற்காக அந்தச் சலுகையை அவரிடமே விட்டுவைக்க முடியாது என்றது நீதிமன்றம். ஏன் தெரியுமா? அவர் உட்கார்ந்திருக்கும் இடம், தகுதியுள்ள இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்ட இடம்!

அதிகாரி கையெழுத்துப் போட்டால் ஹலாலாகுமா?

நம்மில் சிலர் வேறொரு வாதம் வைக்கிறார்கள். “நான் விண்ணப்பித்தேன். அதிகாரி விசாரித்தார். கையெழுத்துப் போட்டார். இனி அது என் பணம்.”

இதற்கு நபி (ஸல்) அவர்கள் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். தம்மிடம் வழக்குக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரை விட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம். கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அப்படி இன்னொருவரின் உரிமையை ஒருவருக்குத் தீர்ப்பாகக் கொடுத்துவிட்டால் அது அவருக்கு நெருப்புத் துண்டு என்றும் எச்சரித்தார்கள். அல்லாஹ்வின் தூதரின் தீர்ப்பே பொய் சொன்னவனுக்கு ஹராமை ஹலாலாக்காது என்றால், தாசில்தாரின் முத்திரை ஆக்கிவிடுமா? சிந்தியுங்கள்!

இன்னும் சிலர், “இது முஸ்லிம் ஆட்சியா? இந்த அரசு நமக்கு என்ன செய்தது? எடுத்தால் என்ன?” என்கிறார்கள். தோழர்களே! நம் குறைகளைப் பற்றிப் பேச மேடை இருக்கிறது, வாக்குச்சீட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவன் உரிமையைப் போராடிப் பெறுவான். திருடிப் பெற மாட்டான்! மக்காவில் நபியவர்களைக் கொல்லத் திட்டமிட்டவர்களின் பொருள்கள் அவர்களிடமே அமானிதமாக இருந்தன. ஹிஜ்ரத் புறப்பட்ட அந்த ஆபத்தான நேரத்திலும், அலீ (ரலி) அவர்களை நிறுத்தி, உரியவர்களிடம் அவற்றை ஒப்படைக்கச் சொன்னார்கள். எதிரியின் பொருளுக்கே இந்த நிலை என்றால், ஏழைகளின் பொதுப் பணத்துக்கு என்ன நிலை?

தவறு வேறு, மோசடி வேறு

இதுவரை நம்மை நாமே கண்டித்துக்கொண்டோம். இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

அரசு கொடுத்த பணம் தவறாக வந்துவிட்டது என்றாலே வாங்கியவன் திருடன் அல்ல. கணினியில் பெயர் மாறலாம். எழுத்தர் கணக்கைத் தப்பாகப் போடலாம். ஆதாரில் எழுத்துப் பிழை இருக்கலாம். ‘அப்துல் காதர்’ ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் ஆவணத்தில் வேறு விதமாகவும் எழுதப்படுவது நம் வீடுகளில் சாதாரணம். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். அந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

பணத்தைத் திரும்ப வாங்குவதற்கும் வரம்பு உண்டு. அரசு ஊழியர்களுக்குத் தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்தம் செய்வது பற்றி, 2014 டிசம்பர் 18 அன்று பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையடிக்கும் வேலை பார்த்த கடைநிலை ஊழியர் பெயரில் அறியப்படும் தீர்ப்பு அது! ஊழியர் ஏமாற்றாமல், அரசின் தவறால் போன பணத்தை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துவந்த பிறகும் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் 2016-இல் ஜக்தேவ் சிங் என்ற நீதித்துறை அதிகாரியின் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்ததால் பிடித்தம் செல்லும் என்றது. இவை ஊழியர் சம்பளத்தைப் பற்றிய தீர்ப்புகள். எல்லா உதவித்தொகைக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பாடம் இருக்கிறது. ஏமாற்றியவனையும் ஏமாற்றாதவனையும் நீதிமன்றம் பிரித்துப் பார்க்கிறது. கையெழுத்துப் போடும் உறுதிமொழியைப் படிக்காமல் போடாதே என்றும் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை ஓர் அரசு மறந்தால் என்ன ஆகும்? அதற்கு உலகமே பார்த்த சாட்சி நெதர்லாந்து. அங்கே வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் குழந்தைக் காப்பகச் செலவுக்காக அரசு உதவித்தொகை கொடுக்கிறது. 2013-இல் பல்கேரியாவைச் சேர்ந்த ஒரு கும்பல் அந்நாட்டு உதவித்தொகைகளில் செய்த மோசடி வெளியாயிற்று. பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் கொதித்தன. வரித்துறை கடுமை காட்டத் தொடங்கியது. ஒரு கையெழுத்து விட்டுப் போயிருந்தாலும், ஒரு சிறு தொகைக்கு ரசீது இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு பெற்ற முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பல்லாயிரம் யூரோ! வீட்டை இழந்தார்கள். வேலையை இழந்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன. ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள்.

யாரைத் தேடித் தேடிப் பிடித்தார்கள்? இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை! மொராக்கோ, துருக்கி வம்சாவளியினர் அவர்களில் ஏராளம். யார் டச்சுக் குடிமகன், யார் அல்ல என்பதைக் கணினி ஓர் ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டது. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இதுவரை இல்லாத அநீதி என்று அதற்குப் பெயர் வைத்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோர் சுமார் 26 ஆயிரம் என்று அன்று சொன்னார்கள். ஆளுக்குக் குறைந்தது 30 ஆயிரம் யூரோ இழப்பீடு அறிவிக்கப்பட்டது. 2022-இல் வரித்துறையில் நிறுவன ரீதியான இனவாதம் இருந்ததை அரசே ஒப்புக்கொண்டது.

என்ன பாடம் சகோதரர்களே? ஒரு கும்பல் செய்த மோசடி, அதில் எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான தாய்மார்களின் கழுத்தில் கயிறாக விழுந்தது. மோசடிக்காரன் அரசை மட்டும் ஏமாற்றவில்லை. தன்னைப் போன்ற பெயர் வைத்த ஒவ்வொரு ஏழையின் மீதும் சந்தேகத்தை வாங்கி வைத்தான். அந்தத் தாய்மார்களோ சோர்ந்துவிடவில்லை. காகிதங்களைச் சேர்த்து வைத்தார்கள். வழக்குப் போட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டினார்கள். கடைசியில் ஓர் அரசாங்கமே தலைகுனிந்தது!

வதந்திக்கும் பயப்படாதீர்கள். 2022 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில், தகுதியற்றவர்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பணம் வசூலிக்கப்படும் என்று செய்தி பரவியது. மக்கள் கார்டைக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பிறகு மாநில அரசே, அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்று விளக்கம் கொடுத்தது. பயத்தில் கார்டைக் கொடுத்த தகுதியுள்ள ஏழையின் கதி என்ன? ஆகவே யாராவது ‘கட்டு’ என்றால், ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்கப் பழகுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் செய்ய வேண்டியவை

பேசிவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒன்று: வீட்டில் யார் பெயரில் என்ன உதவி வருகிறது என்று இன்றிரவே எழுதிப் பாருங்கள். மவுத்தானவர் பெயரில் வருகிறதா? வசதி வந்த பிறகும் வருகிறதா? உடனே எழுத்தில் தெரிவித்து நிறுத்துங்கள். அதிகம் வந்ததைக் கட்டி ரசீது வாங்குங்கள். பிறர் உரிமை கலந்த பாவத்துக்கு, உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவு பெறாது என்பது நம் மார்க்க அறிஞர்கள் ஒருமித்துச் சொன்ன விஷயம்.

இரண்டு: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதாரையும் ஓ.டி.பி.யையும் தரகனிடம் கொடுக்காதீர்கள். எந்தத் திட்டம் என்று கேளுங்கள். விண்ணப்ப நகலை வாங்கி வையுங்கள்.

மூன்று: நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். எந்த விதியின்படி கேட்கிறார்கள், கணக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். உண்மையிலேயே அதிகம் வந்திருந்தால் தவணை கேளுங்கள்.

நான்கு: வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஐந்து: கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களே, இது உங்களுக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் உட்காருங்கள். தகுதியுள்ள ஏழைக்கு உண்மையான விண்ணப்பத்தை இலவசமாகப் போட்டுக் கொடுங்கள். தகுதி இல்லாதவரிடம் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எந்த மதத்துக்காரர் வந்தாலும் செய்யுங்கள். வணிகர்களே, உங்கள் ஜகாத்திலிருந்து ஊர் பைத்துல்மாலைப் பலப்படுத்துங்கள். நம் விதவைக்கு நாமே கைகொடுத்தால் அவர் தரகனிடம் ஏன் போகிறார்?

நிறைவாக...

கைபர் போரை முடித்துத் திரும்பும் வழி. நபி (ஸல்) அவர்களின் பணியாளர் ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு தைத்து இறந்துபோனார். அவருக்கு சொர்க்கம் கிடைத்துவிட்டது என்று மக்கள் வாழ்த்தினார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். பங்கிடுவதற்கு முன் பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் ஒரு மனிதர் ஓடி வந்தார். கையில் ஒரு செருப்பு வார். ‘இதை நான் எடுத்திருந்தேன்’ என்று கொண்டு வந்து வைத்தார்.

செருப்பு வார்! அதற்கு எந்த நோட்டீசும் வரவில்லை. எந்தப் போலீசும் தேடவில்லை. யாருக்கும் தெரியாது. பயந்தார், கொண்டு வந்து வைத்தார்.

இங்கிருந்து போகும்போது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தச் செருப்பு வார் எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டே போவோம். இருந்தால் திருப்பிக் கொடுப்போம். இல்லை என்றால் நிமிர்ந்து நிற்போம். கை சுத்தமாக இருப்பவன்தான் உரிமை கேட்டுக் கையை உயர்த்த முடியும்!

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தையும் நம் பிள்ளைகளின் உணவையும் தூய்மையாக்கி வைப்பானாக! அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டவர்களுக்கு விடுதலை தருவானாக! ஆமீன்.